மயோசினில் ஓரிடம்

அன்பு மகள் பூங்கொடிக்கு அப்பா எழுதுவது.

இதயத்தசையின் மயோசின் புரதத்தை உருவாக்கும் எம்ஒய்எச்7 மரபணுவில் 'பொருள் உறுதியாகாத மாற்றம்', அதாவது தீங்கானதா இல்லையா என்று இன்னும் தெரியாத மாற்றம், இருப்பதாக நீ ஒற்றை வரி அனுப்பி மூன்று வாரமாகிறது. வேலை மிகுதி என்று உன் அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இதயத்தை ஒலி அலைகளால் படமெடுக்கும் மறு எக்கோவைத் தள்ளிப்போடாதே.

முப்பது ஆண்டுகள் விலங்கியல் கற்பித்த எனக்கு அந்த வரியோடு சும்மா இருக்க முடியவில்லை. 1,935 அமினோ அமிலங்கள் கோத்த மயோசின் புரதத்தில் ஓரிடம் மாறினால் இதயத்தசை தடிக்குமா என்பதற்கு மனிதரிடம் மட்டும் தேடினால் விடை கிடைப்பது அரிது. அத்தகைய மாற்றங்கள் பல ஒரே குடும்பத்துக்கு வெளியே காணப்படுவதே இல்லை. அதனால்தான் 2023இல், மனிதக் குரங்குகள் உட்பட பிரைமேட் வரிசையின் 233 இனங்களைச் சேர்ந்த 809 விலங்குகளின் மரபணுத்தொகுதியைப் படித்தவர்கள், அவற்றிடம் பரவலாக உள்ள மாற்றம் நமக்கும் பெரும்பாலும் தீங்கற்றது என்று கணித்தார்கள். கேடு செய்வதாயின் இயற்கைத் தேர்வு அதை அங்கே பரவவிட்டிராது. ஆனால் காப்பகச் சிம்பன்சிகளின் இதயம் நம்முடையதைப் போலப் பெரும்பாலும் தமனி அடைப்பால் கெடுவதில்லை, தசையில் நார்த்திசு பெருகியே கெடுகிறது. ஆகவே சிம்பன்சியை மட்டும் சாட்சியாக வைத்துத் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது.

எட்டாம் வகுப்பிலேயே தவளையின் இதயத்தைப் பிழையின்றி வரைந்தவள் நீ. உனக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அறிக்கையை வைத்துக்கொண்டு இப்படிப் பேசாமல் இருப்பாய் என்றுதான் நான் நினைக்கவில்லை.

அதைச் சொல்லும் தகுதி எனக்கில்லை, பூங்கொடி. உன் சம்பந்தம் பேசிய ஆண்டில் எனக்கு எடுத்த எக்கோவில் இதயத்தின் இடைச்சுவர் 19 மில்லிமீட்டர் தடித்திருந்தது. பிள்ளைகளையும் அழைத்துவரும்படி மருத்துவர் சொன்னார். பேச்சு முறிந்துவிடும் என்று பயந்து அந்த அறிக்கையைப் பத்திரப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். பரிசோதனைப் படிவத்துக்காக நீ கேட்டபோதும் நம் வழியில் யாருக்கும் இல்லை என்றேன். சின்னச் சித்தப்பா களத்துமேட்டில் விழுந்ததை வெயிலின்மேல் போட்டேன். நோயுள்ள உறவினரிடமும் அதே மாற்றம் இருக்கிறதா என்பது ஆய்வுக்கூடம் தேடும் முக்கியச் சான்று. எந்தக் குரங்கும் தர முடியாத அந்தச் சான்றை மறைத்தவன் நான்.

நேற்று மரபணுச் சோதனைக்கு இரத்தம் கொடுத்துவிட்டேன். பழைய அறிக்கையின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். மரபியல் ஆலோசகரிடம் காட்டு. மறு எக்கோவைத் தள்ளிப்போடாதே, பேரனையும் அழைத்துப் போ. அம்மாவிடம் இன்றிரவு நானே சொல்லிவிடுகிறேன். திட்டுவதற்காகவேனும் கூப்பிடு.

அப்பா