ஃபோப்பாவின் கால்

அன்புள்ள சரவணா,

உன் கடிதம் கிடைத்தது. பெரியவனுக்கு வேலை கிடைத்ததில் எங்கள் எல்லோருக்கும் சந்தோஷம். அம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல். முழங்கால் விஷயம்தான் மனதை உறுத்துகிறது. டாக்டர் பூப்பந்தை விட்டுவிடச் சொல்கிறார், நீயோ இன்னும் ஒரு சீசன் ஆடிப் பார்க்கிறேன் என்கிறாய். அதற்கு வருகிறேன். முதலில் நீ கேட்ட ஸ்வீடன் தபால்தலைகள். உறைக்குள் ஒரு கட்டு வைத்திருக்கிறேன். அதில் ஐஸ் ஹாக்கிப் படம் போட்டது ஒன்று இருக்கும், அதைத் தனியாக எடுத்து வை. 1995இல் வெளியிட்டது.

அதில் மட்டையை ஒற்றைக் கையில் நீட்டிக்கொண்டு போகிறவர் பீட்டர் ஃபோர்ஸ்பெரி. ஊரெல்லாம் ‘ஃபோப்பா’ என்றுதான் கூப்பிடும். 1994 லில்லஹாமர் ஒலிம்பிக் இறுதி ஆட்டம், எதிரே கனடா. ஆட்டம் 2-2, கூடுதல் நேரத்திலும் முடிவில்லை. அணிக்கு ஐந்து பெனால்டி அடித்தும் சமநிலை. அதற்குப் பிறகு இவர் முறை வந்தது. கோல்கீப்பரை நோக்கி வேகமாகச் சறுக்கிப் போய், பந்துக்குப் பதிலாக இருக்கிற அந்த ரப்பர் வில்லையை ஒரு பக்கமாக இழுத்தார். கோல்கீப்பர் கோரி ஹிர்ஷ் அந்தப் பக்கமே முழு உடம்போடு நகர்ந்துவிட்டார். இவர் அதற்குள் ஒரு கையை மட்டையிலிருந்து விட்டுவிட்டு, மற்றக் கையால் பின்னால் எட்டி, காலியாகக் கிடந்த பக்கம் தள்ளிவிட்டார். ஹிர்ஷின் கையுறை வில்லைக்கு மிக அருகில் வந்து தவறியது. அடுத்து வந்த கனடாக்காரர் பால் கரியாவின் அடியை ஸ்வீடன் கோல்கீப்பர் டொம்மி சாலோ தடுக்க, ஐஸ் ஹாக்கியில் ஸ்வீடனுக்கு முதல் ஒலிம்பிக் தங்கம். ஃபோர்ஸ்பெரிக்கு அப்போது 20 வயது. வித்தை அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. 1989 உலக சாம்பியன்ஷிப்பில் இன்னொரு ஸ்வீடன் வீரர் கென்ட் நில்சன் செய்து காட்டியதுதான். அதை ஒலிம்பிக் தங்கம் தொங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் எடுத்துவிட ஒரு துணிச்சல் வேண்டும், இல்லையா?

தான் தோற்ற படத்தைத் தபால்தலையில் போட ஹிர்ஷ் சம்மதிக்கவில்லை. அதனால் சட்டையை நீலமாக்கி, எண்ணையும் மாற்றி அச்சடித்தார்கள். அந்தக் காலத்தில் அவருக்கு மனநோய் தொடங்கியிருந்தது. பல வருடம் கழித்து அதைப் பற்றி அவரே வெளிப்படையாக எழுதினார், இன்று அதைப் பற்றி ஊர் ஊராகப் பேசுகிறார். வென்றவர் கதையைவிட எனக்கு இது ஒரு படி மேலாகத் தோன்றும் சமயங்கள் உண்டு.

சரி, ஃபோர்ஸ்பெரியின் ஊர் எங்களுக்குப் பக்கம்தான். நாங்கள் இருக்கும் உமெயோவில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் ஓர்ன்ஷோல்ட்ஸ்விக். கோடையில் குடும்பத்தோடு போய் வந்தோம். வாய்க்குள் நுழையாத பெயர் என்பதால் இங்கே எல்லோரும் ‘ஓவிக்’ என்றே சொல்கிறார்கள். ஊர் நடுவிலேயே குன்றின் மேல் பனிச்சறுக்குத் தாவும் தளம், கீழே துறைமுகம், தண்ணீர் ஓரமாக மூடூ அணியின் அரங்கம். மக்கள்தொகை சுமார் 30,000. அமெரிக்க, கனடா அணிகள் ஆடும் என்ஹெச்எல் லீகில் ஒரு சீசனின் அதிகபட்சப் புள்ளிக்கான பரிசு வாங்கிய மூன்று பேர் இந்த ஊர்க்காரர்கள்: 2003இல் இவர், 2010இல் ஹென்ரிக் செடின், 2011இல் அவருடைய இரட்டைச் சகோதரர் டேனியல்.

2003இன் கதை இன்னும் வேடிக்கை. மார்க்கஸ் நேஸ்லண்ட் என்ற இன்னொரு வீரரும் இதே ஊர், இதே மூடூ. ஃபோர்ஸ்பெரி பிறந்தது 1973 ஜூலை 20, அவர் ஜூலை 30. சின்ன வயதிலிருந்தே போட்டி. அந்த வருடம் புள்ளிப் பட்டியலில் முன்னால் இருந்தவர் வான்கூவருக்கு ஆடிய நேஸ்லண்ட். கடைசி நாளில் ஃபோர்ஸ்பெரி முந்திவிட்டார், 106க்கு 104. உலகத்திலேயே பெரிய லீகில் முதலிடத்துக்கு மோதிக்கொண்டவர்கள் ஒரே சின்ன ஊர்ப் பையன்கள்!

அந்த 106இல் கோல் 29தான். மீதி 77 அடுத்தவன் கோல் போட வழி செய்து கொடுத்தது. கோலுக்கு முன்னால் வில்லையைக் கடத்திக் கொடுத்த இரண்டு பேர் வரைக்கும் ஆளுக்கு ஒரு புள்ளி உண்டு. என்ஹெச்எல்லில் மொத்தம் 708 ஆட்டம், 249 கோல், 636 அசிஸ்ட். இடிக்க வருகிற தடுப்பாட்டக்காரரை இவரே முந்திக்கொண்டு முதுகால் இடித்துத் தள்ளிவிட்டு, அப்புறம் நிதானமாகப் பாஸ் கொடுப்பார். பழைய வீடியோக்களில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அதைத்தான்.

1991இல் இவரைத் தேர்ந்தெடுத்த என்ஹெச்எல் அணி பிலடெல்பியா. ஒரு ஆட்டம்கூட ஆடவிடாமல் மறுவருடமே கியூபெக்கிற்குக் கொடுத்துவிட்டார்கள். எரிக் லிண்ட்ரோஸ் என்ற ஒரே ஆளை வாங்க, இவரோடு இன்னும் ஐந்து வீரர்கள், இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமைகள், மேலே 1.5 கோடி டாலர். கியூபெக் அணி 1995இல் டென்வருக்குக் குடிபெயர்ந்து கொலராடோ அவலாஞ்ச் ஆனது. 1996இலேயே என்ஹெச்எல்லின் சாம்பியன் பட்டமான ஸ்டான்லி கோப்பை.

இனி உனக்காக எழுதுகிற பகுதி. 2001 மே மாதம், லாஸ் ஏஞ்சலஸை வென்ற இரவு, சக வீரர்களோடு சாப்பிடப் போன இடத்தில் வயிற்று வலி. மண்ணீரல் கிழிந்திருந்தது, அன்றிரவே அறுவை செய்து எடுத்துவிட்டார்கள். அந்த வருடக் கோப்பையை அணி இவர் இல்லாமல்தான் வென்றது. அடுத்த சீசன் முழுவதும் ஆடவில்லை. நேரே பிளேஆஃபில், அதாவது சீசன் முடிந்ததும் கோப்பைக்காக நடக்கும் சுற்றில் இறங்கி 20 ஆட்டத்தில் 27 புள்ளி. இறுதிக்கே போகாத அணியில் இருந்துகொண்டு, அந்த பிளேஆஃபில் எல்லோரையும்விட அதிகம். அதற்கு அடுத்த வருடம்தான் அந்த 106, கூடவே லீகின் சிறந்த வீரர் விருது.

இதைப் படித்துவிட்டு ‘பார்த்தாயா, நானும் திரும்பி வருவேன்’ என்று நீ கிளம்பிவிடுவாய் என்று தெரியும். மேலே படி.

மண்ணீரல் இல்லாமல் ஆடினார். வலது கால் மட்டும் விடவில்லை. ஸ்கேட்டுக்குள் பாதம் நேராக உட்காராது. ஒரு அறுவை, அப்புறம் இன்னொன்று. ஸ்கேட்டை மாற்றி மாற்றிச் செய்து பார்த்தார்கள். நடக்கலாம், ஓடலாம், ஐஸ் மேல் திரும்பும்போது மட்டும் கால் அவர் பேச்சைக் கேட்காது. நடுவில் 2006 டூரினில் இரண்டாவது ஒலிம்பிக் தங்கம் வந்தது. பிலடெல்பியா, நாஷ்வில், மறுபடி கொலராடோ, மறுபடி மூடூ. 2011 பிப்ரவரியில் 37 வயதில் கொலராடோவுக்கு இன்னொரு தடவை வந்தார். அடுத்தடுத்த நாளில் இரண்டு ஆட்டம். 14ஆம் தேதி, போதும் என்று அறிவித்துவிட்டார்.

அந்த நாலைந்து வருடத்தைப் பரிதாபம் என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படிப் படவில்லை. ஆனால் ஒன்றைக் கவனி. அவருக்கு அணி இருந்தது, மருத்துவர்கள் இருந்தார்கள், ஒவ்வொரு தடவையும் காலைச் சரி பார்த்துத்தான் இறங்கினார். நீ தைலம் தடவிக்கொண்டு, முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு, டாக்டருக்குத் தெரியாமல் சாயங்காலம் மைதானத்துக்குப் போகிறாய். உன் வீட்டம்மாதான் சொன்னாள், கோபித்துக்கொள்ளாதே. ஸ்கேன் எடு. ரிப்போர்ட்டை எனக்கு அனுப்பு. அப்புறம் சண்டை போடலாம்.

இங்கே எல்லோரும் நலம். சின்னவள் பள்ளியில் ஸ்கேட்டிங் பழகிவிட்டாள், நான் இன்னும் பக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறேன்.

கடைசியாக ஒரு சங்கதி. நம்மூரில் ‘கிராக்ஸ்’ என்று விற்கும் ஓட்டை போட்ட ரப்பர் செருப்புக்கு ஸ்வீடனில் ஃபோப்பா செருப்பு என்று பெயர். அதை இந்த நாட்டுக்கு இறக்குமதி செய்த கம்பெனியில் அவருக்குப் பங்கு இருந்தது. காலால் அத்தனை அவதிப்பட்ட மனுஷன் ஊருக்கெல்லாம் மெத்தென்று செருப்பு விற்றிருக்கிறார்! உன் அளவு எட்டா ஒன்பதா, எழுது. பொங்கலுக்கு வரும்போது ஒரு ஜோடி வாங்கி வருகிறேன், வீட்டில் உட்கார்ந்து போட்டுக்கொள்.

உன்,
முரளி