கல்ச்சர் முடிவும் கடை மாத்திரையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சிறுநீர்த் தொற்றுக்காகத் தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்க்கப்பட்ட என் தாயாரின் கல்ச்சர் (கிருமி வளர்ப்புச் சோதனை) அறிக்கையில், பெரும்பாலான மருந்துகளுக்கு நேரே, கிருமி கட்டுப்படாது என்பதைக் குறிக்கும் 'ஆர்' என்ற எழுத்தே இருந்தது.

கிருமியைத் தட்டில் வளர்த்து, மருந்து தோய்ந்த சிறு வட்டுகளை அதன்மேல் வைத்து, சுற்றிலும் வளர்ச்சியற்ற வளையத்தின் அகலத்தை அளந்து சொல்ல இரண்டு, மூன்று நாள்கள் ஆகின்றன. அதற்குள் பொறுமை இழந்து கடையில் மாத்திரை வாங்குபவர்கள் நாம்தான்.

கடைசிக் கட்டத்தில் தரப்படும் கார்பபெனம் வகைக் கிருமிக்கொல்லி மருந்துகளையே சிதைக்கும், கிருமிகள் உண்டாக்கும் என்.டி.எம்-1 நொதி சென்னை மாதிரிகளிலும் இருப்பதை 2010-இல் வெளியான ஆய்வு காட்டியது. வலுவான கிருமிக்கொல்லிகள் பலவும் அடங்கிய எச்1 பட்டியல் மருந்துகளுக்கு 2014 முதல் மருத்துவர் சீட்டும் தனிப் பதிவேடும் கட்டாயமாக இருந்தும், எங்கள் பகுதியில் வாய்ச்சொல்லுக்கே அவை கிடைக்கின்றன (நானும் வாங்கியவன்தான்). வேலூர் மாவட்ட மருந்து ஆய்வாளர்கள் அப்பதிவேடுகளைச் சோதிக்க வேண்டுகிறேன்.

ஒரு வாசகர்,
காட்பாடி.