ஒரு நீர் மாத்திரையும் மருத்துவர் குறிப்பும்

செம்பூர், மும்பை

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. நோயாளிகள் தங்களைப் பற்றி நீ எழுதும் மருத்துவக் குறிப்புகளைக் கைப்பேசியில் படித்துவிட்டு, வரிக்கு வரி விளக்கம் கேட்டு நள்ளிரவிலும் செய்தி அனுப்புகிறார்கள் என்று சென்ற வாரம் அலுத்துக்கொண்டாய். உன் அலுப்பு நியாயமானதுதான். ஆனால் அப்படிப் படிக்கிறவர்களில் இப்போது நானும் ஒருத்தி.

நான் போகும் மருத்துவமனையின் செயலியில் ரத்தப் பரிசோதனை முடிவைத் தேடியபோது, மருத்துவரின் குறிப்பும் கண்ணில் பட்டது. என்னை 'நான்-கம்ப்ளையன்ட்' என்று எழுதியிருந்தார். முப்பது ஆண்டுகள் மாணவர்களின் மதிப்பெண் அட்டையில் குறிப்பெழுதியவளுக்கு, தன்னையே ஒருவர் சொல்பேச்சுக் கேளாதவள் என்று எழுதியிருப்பதைப் படித்ததும் தொண்டை அடைத்தது. அவர் எழுதியது பொய்யில்லை. உன் சித்தியைப் பார்க்க டோம்பிவிலி போகும் நாட்களில் ரத்த அழுத்தத்துக்கான, அடிக்கடி சிறுநீர் கழிக்க வைக்கும் நீர் மாத்திரையை நான் போடுவதில்லை. குர்லாவில் வண்டி மாறி, கழிப்பறையே இல்லாத லோக்கல் ரயிலில், நெரிசலில் நின்றுகொண்டு போகிறவள் காலையில் அதை எப்படிப் போடுவாள்? அவரும் காரணம் கேட்கவில்லை, நானும் கூச்சத்தில் சொல்லவில்லை. அந்தச் சொல்லைப் படித்த கோபத்தில்தான் அடுத்த முறை வாய் திறந்தேன். முதலில் முகம் சுருங்கினாலும், பயண நாட்களில் வீடு திரும்பிய பின் போடலாம் என்று சொல்லி, காரணத்தையும் குறிப்பில் சேர்த்தார்.

மருத்துவர் எழுதும் குறிப்பை நோயாளியே படிக்கத் தரும் 'ஓப்பன் நோட்ஸ்' முயற்சி 2010இல் அமெரிக்காவில் தொடங்கிய மூன்று இடங்களில், நீ இருக்கும் பாஸ்டனும் ஒன்று. நூற்றுக்கு மேற்பட்ட மருத்துவர்கள் பங்கேற்றார்கள். வேலை பெருகும் என்று அவர்கள் அஞ்சிய அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை, நோயாளிகளில் பலர் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கியதாகச் சொன்னார்கள் என்று 2012இல் முடிவு வெளியானது. என் மாத்திரைக் கதைக்கு அதில் இடமுண்டு.

ஆனால் 2021 ஏப்ரலில் அமெரிக்காவில் விதி மாறி, பரிசோதனை முடிவுகள் மருத்துவர் பார்க்குமுன்பே நோயாளியை எட்டத் தொடங்கிய விஷயத்தில் நான் பாதி உன் பக்கம். புற்றுநோயா என்று பார்க்கும் பயாப்ஸி (திசுப் பரிசோதனை) முடிவை வெள்ளிக்கிழமை இரவில் தனியாகப் படிப்பது கொடுமை. ஆயினும் 2023இல் வெளியான ஓர் ஆய்வில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் உடனே தெரிவதையே விரும்பினார்கள். ஆகவே மறைக்க வழி தேடாதே. பரிசோதனைக்கு எழுதிக் கொடுக்கும்போதே, என்னென்ன வரக்கூடும், எப்போது பேசுவாய் என்று சொல்லிவிடு. இங்கே இந்தியாவில், மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு விதிமுறையில், நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணம் தர வேண்டும் என்றிருந்தும், உன் அப்பாவின் கோப்புக்காகப் பதினொரு நாள் படியேறி இறங்கியவள் நான். காத்திருப்பது என்னவென்று எனக்குத் தெரியும்.

இன்னொன்று. மூச்சுத் திணறலை (shortness of breath) 'எஸ்.ஓ.பி.' (SOB) என்று சுருக்கி எழுதாதே. படிக்கிறவருக்கு அது ஆங்கில வசவாகத்தான் முதலில் தோன்றும்.

சித்தி உன்னை மிகவும் விசாரித்தாள்.

அன்புடன்,
அம்மா