இதயத்தைச் சூழும் நீர்: கிழக்கின் சுகாதாரப் பணிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறை பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர்களுக்கு,

வணக்கம். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் வட்டை (வயல்) வேலை செய்து எங்களை வளர்த்த ஒரு தாயின் மகளாக இம்மடலை எழுதுகிறேன்.

அம்மாவின் நெஞ்சுப் படத்தில் இதயம் அடிபெருத்த குடம்போலத் தெரிந்தது. வழமையாக 15 முதல் 50 மில்லிலீற்றர் வரை மட்டுமே நீர் இருக்கவேண்டிய இதய உறைக்குள் பெருமளவு நீர் தேங்கியிருப்பதை எக்கோ (ஒலியலை கொண்டு இதயத்தைப் பார்க்கும் பரிசோதனை) காட்டியது. காசநோயாக இருக்கலாம் என்ற ஊகத்தில், கிருமி எதுவும் காணப்படாமலே, மாதக்கணக்கில் மாத்திரைகள் கொடுக்கப்பட்டன, நீர் வற்றவில்லை. காசநோய் இன்னும் நம்மிடையே இருப்பதால் அந்த ஊகத்தை நான் குறைகூறவில்லை. அது பொய்த்த பின்னரும் வேறு காரணம் தேடப்படாததே எனது ஆதங்கம்.

பின்னர் வேறொரு விடுதியில் ஓர் இளம் வைத்தியர், அம்மாவின் நாடியைப் பிடித்தவாறே, "இந்தக் குரல் எப்போதுமே இப்படிக் கரகரப்பாகவா இருந்தது?" என்று கேட்டார். சித்திரை வெயிலிலும் அம்மா போர்வையை விடாததும், முகம் ஊதியிருந்ததும், பேச்சு மெதுவாகிப் போனதும் அப்போதுதான் எங்களுக்கு ஒன்றோடொன்று பொருந்தின. அதுவரை முதுமை என்றே எண்ணியிருந்தோம். குருதிப் பரிசோதனை விடையைச் சொன்னது: கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பி தளர்ந்திருந்தது. அச்சுரப்பின் குறையை ஈடுசெய்யும் தைரொக்சின் மாத்திரை தொடங்கிய சில மாதங்களில், ஊசி குத்தி எடுக்காமலே நீர் வற்றியது.

தைரொயிட் தளரும்போது நீர் மெதுவாகச் சேர்வதால் உறை நெகிழ்ந்து ஒரு லீற்றருக்கு மேலும் இடம் கொடுக்கிறது, நாடியும் வேகமெடுப்பதில்லை, நோயாளி நடந்து திரிகிறார். மாறாக, விரைந்து சேரும் நீரோ 200 மில்லிலீற்றர் அளவிலேயே இதயத்தை நெரித்து உயிரைப் பறிக்கக்கூடும். ஆகவே நீரின் அளவை மட்டும் பார்ப்பது போதாது, அது வந்த வழியையும் பார்க்கவேண்டும்.

அவ்வழிகள் பல. சிறுநீரகச் செயலிழப்பு, லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்), புற்றுநோய் ஆகியவற்றோடு, ஈரலின் இடப்பக்கத்து அமீபாக் கட்டி உடைந்து உறைக்குள் சீழ் இறங்குவதும் உண்டு. காசத்துக்குக் கொடுக்கப்படும் ஐசோநியசிட் மருந்தே அரிதாக நீர்கோக்கச் செய்வதும் உண்டு. நம் மண்ணுக்கு நெருக்கமானது மெலியோய்டோசிஸ் என்ற பக்டீரியாத் தொற்று. சேற்றிலும் தேங்கிய நீரிலும் வாழும் இக்கிருமி, மாரியில் வெறுங்காலோடு வயலில் இறங்குவோரின் காயங்கள் வழியே, குறிப்பாக நீரிழிவு உள்ளவர்களைத் தாக்குகிறது. சிலவேளை இதய உறையையும் பற்றுகிறது. தோற்றத்தில் காசம்போலிருந்தாலும் காச மாத்திரைக்கு அது பணியாது. ஆய்வுகூடத்திலும் சாதாரண மாசு என ஒதுக்கப்பட்டுவிடக்கூடும்.

எனவே, இதயத்தைச் சுற்றி நீர் காணப்படும் ஒவ்வொருவருக்கும் தைரொயிட், சிறுநீரகப் பரிசோதனைகளைக் கட்டாயமாக்குமாறும், வேளாண்மை செய்வோரின் குருதியும் உறைநீரும் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பப்படும்போது மெலியோய்டோசிஸ் ஐயத்தை ஆய்வுகூடத்துக்கு எழுத்தில் தெரிவிக்க ஏற்பாடு செய்யுமாறும் பணிவோடு வேண்டுகிறேன். தூரத்துக் கிராமங்களிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவோருக்கு எக்கோ நாள் மாதக்கணக்கில் தள்ளிப்போகாதிருக்க வழிசெய்வதும் அவசியம்.

அம்மாவின் கிளினிக் கொப்பியும் இரண்டு நெஞ்சுப் படங்களும் என்னிடம் உள்ளன. தங்கள் வைத்தியர்களின் கலந்துரையாடலுக்குப் பயன்படுமாயின், அம்மாவின் சம்மதத்தோடு அவற்றைக் கொண்டுவந்து தரத் தயாராக இருக்கிறேன்.

இங்ஙனம்,
ஒரு நோயாளியின் மகள்,
படுவான்கரை