பேட்டரி மேல் யூனிட் கணக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோத்தகிரியில் மின்சாதனக் கடை வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் மரம் ஒன்று கம்பி மேல் சாய்ந்தால் போதும், மறுநாள் பேட்டரி விசாரிக்க ஆள் வந்துவிடும். (குந்தாவிலும் பைக்காராவிலும் கரண்ட் எடுத்துக் கீழே அனுப்புகிற மலைதான் இது. சரி, அது வேறு கதை.)

சமீபத்தில் தேயிலைத் தோட்டத்து அக்கா ஒருவர் பவர்பேங்கையும் இன்வெர்ட்டர் பேட்டரியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணா, இதுல இருபதாயிரம்னு போட்டிருக்கு, அதுல வெறும் நூத்தம்பதுதான். அதுக்கு எதுக்கு அவ்வளவு விலை?" என்றார்.

நியாயமான கேள்விதான். பவர்பேங்கில் போடுவது மில்லி ஆம்பியர் மணி. 20,000 மில்லி என்றால் வெறும் 20 ஆம்பியர் மணி. அதுவும் உள்ளே இருக்கும் லித்தியம் செல்லின் 3.7 வோல்ட்டுக்கு. இன்வெர்ட்டர் பேட்டரியில் போட்டிருப்பது முழு ஆம்பியர் மணி, அதுவும் 12 வோல்ட்டுக்கு. வோல்ட்டால் பெருக்கிப் பார்த்தால் அது 74 வாட் மணி, இது 1,800. ஈபி பில் கணக்கில் (1,000 வாட் மணி ஒரு யூனிட்) பெரியது 1.8 யூனிட், சின்னதில் பத்தில் ஒரு யூனிட்கூட இல்லை. அக்காவுக்குத் தேவை போன் சார்ஜும் ஒரு 5 வாட் விளக்கும்தான். பத்து மணி நேரம் எரியும் என்று சொல்லிப் பவர்பேங்கையே கொடுத்தேன்.

அந்த 1.8 யூனிட்டும் முழுதாகக் கைக்கு வராது. அது ஈயப் பேட்டரி, அடிக்கடி பாதிக்கு மேல் வடியவிட்டால் ஆயுள் போய்விடும். எங்கள் குளிரில் இன்னும் கொஞ்சம் குறையும். இன்வெர்ட்டருக்கே வரும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி 12.8 வோல்ட், 100 ஆம்பியர் மணி என்றால் 1,280 வாட் மணி. ஆனால் அதில் பெரும்பகுதியை எடுக்கலாம். எடை பன்னிரண்டு, பதின்மூன்று கிலோதான். ஈயப் பேட்டரி ஐம்பதைத் தாண்டும். ரோட்டிலிருந்து படியிறங்கிப் போகிற வீடுகளுக்கு அதைச் சுமக்கும் பையன்களைக் கேளுங்கள், சொல்வார்கள். லித்தியத்துக்கு விலை கூடத்தான். ஊட்டிக்கு அருகே தலைகுந்தா பக்கம் உறைபனி விழும் இரவில் அதைத் திண்ணையில் வைத்து சார்ஜ் போடவும் கூடாது. வீட்டுக்குள் என்றால் கவலையில்லை.

விமானத்தில் 100 வாட் மணிக்கு மேல் கொண்டுபோகத் தனி அனுமதி வேண்டும் என்பதால் பவர்பேங்கில் அந்த எண்ணைப் பொடி எழுத்தில் எங்கேயாவது போட்டிருப்பார்கள். அதையே எல்லாப் பேட்டரிப் பெட்டியிலும் முன்பக்கம், பெரிதாக, தமிழிலும் போடச் சொல்லி உங்கள் நாளிதழ் எழுத வேண்டும். ஆம்பியர் கணக்கு வேண்டுமானால் கீழே சின்னதாக இருந்துவிட்டுப் போகட்டும்.

இப்படிக்கு,
மின்சாதனக் கடைக்காரர், கோத்தகிரி