அந்தத் தொட்டியை எந்த வாசலில் நிறுத்துவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் வீட்டு இணைப்பில் பழைய குளியலறையைப் புதுப்பிப்பது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். டைல்ஸ் வகை, குழாய் வகை, தண்ணீர் கசியாமல் பூசும் பூச்சு என்று எழுதியவர் விவரமாகத்தான் எழுதியிருக்கிறார். கடைசிப் பத்தியில் போகிற போக்கில் ஒரு யோசனை சொல்லியிருக்கிறார்: இடிபாடுகளைப் போட ஒரு பெரிய இரும்புத் தொட்டியை வாடகைக்கு எடுத்து வாசலில் நிறுத்திவிட்டால் தலைவலி தீர்ந்ததாம்.

எந்த வாசலில், ஐயா? மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவுக்கு ஒரு தடவை வந்து பாருங்கள். ஒரு பக்கம் மின்சாரப் பெட்டி. இன்னொரு பக்கம் மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிப் பாதியில் விட்ட பள்ளம். மிச்சமிருக்கும் இடத்தில் பைக்குகள். தண்ணீர் லாரி உள்ளே வந்தால் திரும்ப வழியில்லாமல் பின்பக்கமாகவேதான் வெளியே போகும். அதில் தொட்டியை நிறுத்தச் சொல்கிறார் கட்டுரையாளர்.

அந்தத் தொட்டியை நான் பார்த்ததில்லை என்று நினைத்துவிட வேண்டாம். டெக்சாஸில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது எதிர் வீட்டில் சமையலறையை இடித்தார்கள். லாரி வந்து கார் நிறுத்தும் பாதையில் இறக்கி வைத்துவிட்டுப் போனது. 20 கன யார்டு கொள்ளளவு. நீளம் ஏறக்குறைய 22 அடி, அகலம் 8 அடி. எங்கள் தெருவில் வைத்தால் நாங்கள் மாடி வழியாகத்தான் நடமாட வேண்டும். சும்மாவும் தருவதில்லை. இத்தனை நாள், இத்தனை டன் என்று பேசித்தான் வாடகை; எடை கூடினால் டன் கணக்கில் தனிக் கட்டணம். வீட்டு எல்லையைத் தாண்டித் தெருவில் வைப்பதானால் பல ஊர்களில் நகராட்சி அனுமதி வாங்க வேண்டும். அங்கே பெரும்பாலான வீடுகள் மரச்சட்டமும் ஜிப்சம் பலகையும். இடித்தால் குவியல் பெரிதாக இருக்கும், கனம் இருக்காது. செங்கல், கான்கிரீட் என்று சொன்னால் அங்கேயே சின்னத் தொட்டிதான் தருகிறார்கள். பெரியதை விளிம்பு வரை கல்லால் நிரப்பினால் 20 டன்னுக்குக் குறையாது. நம் வீட்டை இடித்தால் வருவது செங்கலும் காரையும்தானே? இதையெல்லாம் யோசிக்காமல் எங்கிருந்தோ எடுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று ஒரு ஓய்வுபெற்ற டெலிபோன் ஆபரேட்டருக்கே தெரிகிறது. தங்களுக்குத் தெரியாதா என்ன?

எங்கள் வீட்டிலும் குளியலறை வேலை நடந்தது. மேஸ்திரி முதல் நாளே சொல்லிவிட்டார், "ரப்பீஸ் உங்க பொறுப்பும்மா, அது கான்ட்ராக்டுல வராது" என்று. இடிபாட்டைத்தான் ரப்பீஸ் என்கிறார். யார் வீட்டு வேலையிலும் அது வராது. டைல்ஸ் கடைக்காரர் புதியதை மாடிவரை ஏற்றித் தருவார். பழையதை யாரும் தொட மாட்டார்கள். சித்தாள் பெண்கள் உடைத்த கல்லையும் காரையையும் சாக்கில் கட்டி மாடிப்படிக்குக் கீழே அடுக்கிவிட்டுப் போனார்கள். குட்டி யானை என்கிற சின்ன லாரி வைத்திருக்கும் ஒரு பையனை வரச்சொன்னேன். ஒரு நடைக்கு ஒரு தொகை சொன்னான். "எங்கே கொண்டுபோய்க் கொட்டுவே தம்பி?" என்று கேட்டேன்.

"அத ஏம்மா கேக்குறீங்க? உங்க வாசல் காலியாவுதான்னு மட்டும் பாருங்க."

கேட்காமல் எப்படி இருப்பது? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் எங்களுக்குப் பக்கம்தான். 2022-ல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலங்களின் பட்டியலில், சேர்ந்ததென்று தங்கள் இதழிலும் பூநாரைப் படத்தோடு முழுப்பக்கம் போட்டீர்கள். படம் அழகாக இருந்தது. ராத்திரியில் விளக்கை அணைத்துக்கொண்டு அதன் ஓரத்தில் வந்து கொட்டிவிட்டுப் போகிற டிப்பர்களை யாரும் படம் எடுக்கவில்லை. உடைந்த வெஸ்டர்ன் கிளாசெட் நீரில் மிதக்கும் பறவையல்ல, அதனால் அட்டைக்கு ஆகாது போலும். அது பற்றி அப்போதே ஒரு கடிதம் எழுதினேன். வரவில்லை. அதே வாரம் பாயசத்தில் ஏலக்காய் எப்போது போட வேண்டும் என்ற கடிதம் வந்திருந்தது. ஏலக்காய் மேல் எனக்குக் கோபமில்லை.

பையனைத் திருப்பி அனுப்பினேன். சாக்குகள் அப்படியே கிடந்தன. மேல் வீட்டார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பிறகு ரசீதுப் புத்தகத்தோடு ஒருவர் வந்தார். எந்த அலுவலகம் என்று எழுதப் போவதில்லை. தெருவில் ஒரு கல் விழுந்தாலும் அபராதம் என்றார். சரி ஐயா, எங்கே கொண்டுபோய்ப் போட வேண்டும் என்று சொல்லுங்கள், நானே ஆட்டோ பிடித்துக் கொண்டுபோகிறேன் என்றேன். அது வேறு பிரிவாம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2016-லேயே மத்திய அரசு கட்டுமான, இடிப்புக் கழிவு மேலாண்மை விதிகளைக் கொண்டுவந்தது. கழிவை உண்டாக்குகிறவர் அதைத் தன் இடத்துக்குள் வைத்துக்கொள்ள வேண்டும், சாலையிலோ வடிகாலிலோ போடக் கூடாது, உரிய சேகரிப்பு இடத்தில் சேர்க்க வேண்டும். அதுவரை எல்லோருக்கும் தெரியும், ரசீதுப் புத்தகத்துக்கும் தெரியும். அதே விதிகள் உள்ளாட்சிக்கும் ஒன்று சொல்லியிருந்தன: கழிவைச் சேகரிக்கத் தகுந்த கொள்கலன்களை அதுதான் வைக்க வேண்டும், நிரம்பியதும் அதுதான் அகற்ற வேண்டும். அதாவது தங்கள் கட்டுரையாளர் என்னை வாடகைக்கு எடுக்கச் சொல்லும் அதே தொட்டி. பத்து லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரங்களுக்கு இதற்கெல்லாம் கொடுத்த கெடு 18 மாதம். பழைய செங்கலையும் கான்கிரீட்டையும் உடைத்து, சலித்து, நடைபாதைக் கல்லாகவும் மணலுக்கு மாற்றாகவும் ஆக்கலாம். டெல்லி புராரியில் 2009-லிருந்தே செய்கிறார்கள். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும்படி புதிய விதிகளும் போட்டாயிற்று. அதில் பெரிய பொறுப்பு 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டுகிறவர்களுக்கு. நாலுக்கு ஆறு குளியலறைக்காரி என் நிலைமை என்ன என்று தங்கள் நிருபர் யாராவது ஒரு நடை விசாரித்து எழுதக் கூடாதா?

இந்த வேலையே எதனால் வந்தது என்று கேளுங்கள். ஒவ்வொரு தடவை சாலை போடும்போதும் பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே போடுகிறார்கள். வீடு கட்டும்போது மூன்று படி ஏறி உள்ளே போனோம். இப்போது ஒரு படி இறங்குகிறோம். மழைக்காலத்தில் சாக்கடை குளியலறைத் துவாரம் வழியாக மேலே வருகிறது. தரையை உயர்த்தாமல் வேறு வழியில்லை. தெருவில் எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள். உயர்த்துகிற ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குவியல் சாக்கு.

கடைசியில் என் சாக்குகள் போனதும் அப்படித்தான். அடுத்த தெருவில் ஒருவர் வீட்டைத் தரையிலிருந்து தூக்கிக் கட்டுகிறார். அடித்தளம் நிரப்ப அவருக்கு ரப்பீஸ் வேண்டியிருந்தது. மீன்பாடி வண்டி அனுப்பி எடுத்துக்கொண்டார், ஒரு பைசா கேட்கவில்லை. விதியும் உதவவில்லை, தங்கள் கட்டுரையும் உதவவில்லை. காய்கறிக்காரம்மா சொன்ன தகவல்தான் உதவியது.

ஆகவே தங்களிடம் ஒரு சின்ன வேண்டுகோள். அடுத்த வீட்டு இணைப்பில், டைல்ஸ் விளம்பரங்களுக்கு நடுவே இடம் மிஞ்சினால், ஒரு கட்டம் போடுங்கள். சென்னை, கோவை, மதுரை, திருச்சி என்று ஊர்வாரியாக, ஒரு வீட்டுக்காரர் தன் இடிபாட்டை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கலாம், எவ்வளவு வரை, என்ன கட்டணம், யாரைக் கூப்பிட வேண்டும் என்று மட்டும். சும்மா எண்ணை அச்சடித்துவிடாமல், போடுவதற்கு முன் தங்கள் அலுவலகத்திலிருந்து யாராவது ஒருவர் அந்த எண்ணைக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போடுங்கள். மறுமுனையில் யாரும் எடுக்காவிட்டால் அதையும் போடுங்கள்.

இந்தக் கடிதத்தைச் சுருக்கி வெளியிடுவதானால் ரசீதுப் புத்தகக்காரரை எடுத்துவிடலாம். கொள்கலன் பற்றிய விதியை மட்டும் எடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர் ஒருவர்,
மடிப்பாக்கம், சென்னை