ஐந்து பாட்டு வரும், கை என்ன ஆகும்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கோடை விடுமுறை வகுப்புகளைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். நீச்சல், ஓவியம், கிட்டார் என்று எல்லாவற்றையும் சொல்லி, 'ஒரே மாதத்தில் ஐந்து பாட்டு வாசிக்கலாம்' என்று ஒரு பயிற்சி மையம் சொன்னதையும் போட்டிருந்தீர்கள். நாகர்கோவிலில் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறவன் என்ற முறையில் அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். ஐந்து பாட்டு வரும், பொய்யில்லை. ஆனால் அந்தப் பாட்டுகளோடு சேர்ந்து கையில் என்னென்ன பழக்கம் ஏறிவிடுகிறது, அதை இறக்க அப்புறம் எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது என்பதை யாரும் எழுதுவதில்லை.

என்னிடம் வருகிறவர்களில் பலர் புதிதாகக் கற்க வருகிறவர்கள் கிடையாது. சர்ச் பாடகர் குழுவில் வருஷக்கணக்காக வாசிக்கிறவர்கள், கல்லூரி நாளில் யூடியூப் பார்த்துத் தானாகவே பழகியவர்கள், வேலை, குடும்பம் எல்லாம் ஒரு நிலைக்கு வந்தபிறகு பரணிலிருந்து கிட்டாரை இறக்கியவர்கள். எல்லாரும் சொல்வது ஒன்றேதான், "சார், ஒரு அளவுக்கு மேல போக மாட்டேங்குது." எஃப் மேஜர் கார்டு (பல கம்பிகளைச் சேர்த்து ஒலிக்கவைக்கும் ஸ்வரக் கூட்டு) பிடித்தால் இரண்டு கம்பி சத்தமே வராது, பாட்டு கொஞ்சம் வேகமானால் முன்னங்கை இறுகிவிடும், கடைசிச் சரணத்துக்குள் கட்டைவிரல் அடியில் வலி. வயதாகிவிட்டது, விரல் குட்டை, நமக்கு இவ்வளவுதான் என்று அவர்களே தீர்ப்பும் எழுதிவைத்திருப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பார்த்தால் பெரும்பாலும் விஷயம் வேறு: தேவைக்கு மேல் பல மடங்கு அழுத்துகிறார்கள், அப்படி அழுத்துகிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது.

இதை யார் வேண்டுமானாலும் இன்றைக்கே சோதித்துப் பார்க்கலாம். ஏதாவது ஒரு கம்பியின் மேல் விரலைச் சும்மா வையுங்கள், அழுத்த வேண்டாம். வலது கையால் அதே கம்பியை மீட்டிக்கொண்டே இருங்கள். முதலில் 'டப் டப்' என்று செத்த சத்தம், கொஞ்சம் அழுத்தினால் கரகரப்பு, இன்னும் துளி அழுத்தினால் சுத்தமான ஸ்வரம். அந்த இடத்தில் நிறுத்துங்கள். அவ்வளவுதான் தேவை. விரலை இரண்டு ஃப்ரெட்டுக்கு (கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டைகளுக்கு) நடுவில் வைக்காமல் ஃப்ரெட்டை ஒட்டி, அதற்குச் சற்றுப் பின்னால் வைத்தால் அதைவிடவும் குறைவாகவே போதும். எத்தனையோ வருஷம் வாசித்தவர்கள்கூட இதைச் செய்து பார்க்கும்போது நிஜமாகவே வியந்துபோகிறார்கள். அதே மாதிரி பார் கார்டு, அதாவது ஆள்காட்டி விரலைக் கம்பிகளுக்குக் குறுக்கே படுக்கவைத்து அழுத்துகிற கார்டு, பிடிக்கும்போது கட்டைவிரலைக் கிட்டாரின் கழுத்திலிருந்து முழுக்க எடுத்துவிட்டு, வலது முன்னங்கையால் கிட்டாரின் உடம்பை லேசாக நெஞ்சோடு அணைத்து, இடது கையின் எடையைக் கொண்டே கம்பிகளைப் பின்னால் இழுத்துப் பாருங்கள். ஆள்காட்டி விரலைத் தட்டையாக வைக்காமல் கட்டைவிரல் பக்கமுள்ள எலும்பு ஓரத்துக்குக் கொஞ்சம் உருட்டுங்கள். இறுக்கிப் பிடித்தால்தான் கார்டு வரும் என்று கை இத்தனை நாள் நம்பியது அந்த நிமிஷமே ஆட்டம் காணும்.

சரி, தெரிந்துவிட்டது, நாளைக்கே மாறிவிடுமா? மாறாது, இங்கேதான் எல்லாரும் மனம் விட்டுப்போகிறார்கள். மெதுவாக வாசிக்கும்போது கை சொன்னபடி கேட்கும், வேகத்தைக் கூட்டியதும் பழைய பிடி திரும்பி வந்துவிடும், கூட்டத்துக்கு முன்னால் வாசித்தால் கட்டாயம் வரும். பழைய பழக்கம் அழிவதில்லை, புதியது அதைவிடப் பலமாகிறவரை காத்துக்கொண்டு உள்ளேயே இருக்கிறது. அதனால் நான் வைத்திருக்கும் கணக்கு இது: எந்த வேகத்தில் பழைய பிடி தலைகாட்டவில்லையோ அதுதான் இன்றைய வேகம். மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) நிமிஷத்துக்கு 50 தட்டு என்றால் 50தான், அதில் எந்தக் குறைச்சலும் இல்லை. கர்நாடக சங்கீதத்தில் சரளி வரிசையை முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், நிற்கவைக்காமல் இரண்டாம் காலத்துக்குப் போகிற பாட்டு வாத்தியார் நம் ஊரில் உண்டா? அந்தப் பொறுமை கிட்டார் வகுப்புக்குள் மட்டும் ஏன் வரவில்லை என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இன்னொன்று, பலரும் கேட்க விரும்பாதது. மிகவும் பிடித்த, நன்றாக வாசிக்கிற பழைய பாட்டுகளைக் கொஞ்ச நாள் தொடாதீர்கள். அந்தப் பாட்டோடு அந்தப் பிடியும் ஒட்டிக்கொண்டே வரும். கைக்குப் பழக்கமே இல்லாத சின்னத் துண்டை எடுத்துக்கொண்டால் புதிய முறையைக் கை சீக்கிரம் ஏற்கிறது. இத்தாலியக் கிட்டார் கலைஞர் மௌரோ ஜூலியானி 1812-இல் வலது கைக்கென்று 120 பயிற்சிகளை வெளியிட்டார், அத்தனைக்கும் இடது கையில் சி மேஜர், ஜி செவன் என்று இரண்டே கார்டுகள். இடது கை கவலையில்லாமல் இருந்தால்தான் கவனம் முழுவதும் வலது கை விரல்களுக்குப் போகும் என்பது அதிலேயே தெரிகிறது. இருநூறு வருஷத்துக்கும் மேல் ஆகிவிட்டது, அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஒரு நேரத்தில் ஒரு குறையை மட்டும் எடுங்கள். சுண்டுவிரல் மேலே பறக்கிறதா, இந்த வாரம் அதை மட்டும் பாருங்கள், எல்லாக் கம்பிகளையும் சேர்த்து மீட்டும் ஸ்ட்ரம்மிங்கில் முழங்கை விறைப்பது அடுத்த வாரத்துக்கு இருக்கட்டும். போனை எதிரே நிறுத்தி இடது கையை வீடியோ எடுத்தால், வாசிக்கும்போது கண்ணுக்குப் படாதது அப்படியே தெரியும். ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் உட்காருவதைவிட, நாளுக்கு மூன்று தடவை பத்துப் பத்து நிமிஷம் நல்லது, களைத்த கை பழைய வழிக்குத்தான் போகும்.

கிட்டாரையும் பார்க்க வேண்டும், இதைப் பெற்றோர்கள் அவசியம் கவனிக்கணும். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளி, சாதாரண ஸ்டீல் கம்பி அக்கூஸ்டிக்கில் தடித்த கம்பியின் பக்கம் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் இருந்தால் போதும். குழந்தைகளுக்கென்று வாங்கித்தரும் மலிவான கிட்டார்கள் பலவற்றில் இது மூன்றரை, நான்கு என்று நிற்கிறது. அதில் பழகுகிற குழந்தை இறுக்கிப் பிடிக்காமல் வேறென்ன செய்யும்? முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அழுத்தும் கிளிப்) போட்டதும் கார்டுகள் சட்டென்று எளிதாகிவிட்டால் நட் (கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் சிறு கட்டை) உயரமாக இருக்கிறது என்று சந்தேகப்படலாம். மழைக்காலத்தில் ஈரக்காற்று பட்டு முன்பலகை உப்பி, கம்பி இன்னும் மேலே ஏறும், எங்கள் மாவட்டத்திலோ ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. வேலை தெரிந்தவரிடம் கொடுத்துச் சரிசெய்துவிட்டு, அப்புறம் குழந்தையின் விரலைக் குறை சொல்லலாம்.

வயதைக் காரணம் சொல்கிறவர்களிடம் நான் பிரான்சிஸ்கோ தாரெகாவைச் சொல்வேன். ஸ்பெயினில் பெரும்பெயர் பெற்ற அந்தக் கலைஞர் 1900-க்குப் பிறகு, ஐம்பது வயதை ஒட்டி, நகத்தை வெட்டிவிட்டு விரல் நுனிச் சதையால் மீட்டும் முறைக்கு மாறினார். கிட்டார் தெரிந்தவர்களுக்குத்தான் புரியும், வலது கையின் தொடுகை முழுவதையும் புதிதாகத் தேடவேண்டிய காரியம் அது. ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டுக்கு 1928-இல் தீ விபத்து, இடது கையில் மோதிர விரலும் சுண்டுவிரலும் ஏறக்குறைய செயலிழந்துவிட்டன. மிச்சமிருந்த இரண்டு விரல்களை முக்கியமாக வைத்து வாசிப்பையே திரும்ப அமைத்துக்கொண்டார், உலகம் அவரைக் கொண்டாடியது அதற்குப் பிறகுதான். எல்லாருக்கும் அது வாய்க்கும் என்று சொல்லவரவில்லை, ஆனால் நாற்பது வயதுக்காரர் கட்டைவிரலின் இடத்தை மாற்ற முடியாது என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஒரு எச்சரிக்கை மட்டும். விரல் நுனி எரிவது இயல்பு, போகப்போகச் சரியாகும். மணிக்கட்டிலோ முன்னங்கையிலோ வலி, விரல் மரத்துப்போவது இதெல்லாம் இயல்பு கிடையாது. வாசிப்பதை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள், வலியோடு வாசிக்கச் சொல்லும் ஆசிரியரையும் மாற்றுங்கள்.

கிரேடு தேர்வுத் தேதி ஒரு பக்கம், ஆண்டுவிழா மேடை ஒரு பக்கம், "என்ன பாட்டு கத்துக்கிட்டான்?" என்று வாசலில் கேட்கிற பெற்றோர் ஒரு பக்கம். இதற்கு நடுவில் ஒரு மாணவனை இரண்டு மாதம் நிறுத்திக் கையைத் திருத்துகிற ஆசிரியருக்கு மாணவர்கள் குறைகிறார்கள், ஒன்றும் சொல்லித்தரவில்லை என்ற பெயரும் வருகிறது. அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பயிற்சி மையங்களைப் பற்றி எழுதும்போது எத்தனை பாட்டு என்று கேட்பதோடு, ஏற்கெனவே வாசித்துப் பழகி வருகிறவரின் கையைத் திருத்த அங்கே நேரம் தருகிறார்களா, வாங்கிய கிட்டாரைச் சரிபார்த்துத் தருகிறார்களா என்றும் கேட்டு எழுதுங்கள். அப்படிப்பட்ட இடத்தைத் தேடுகிற பெரியவர்கள் எங்கள் ஊரில் மட்டுமே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு கிட்டார் ஆசிரியர்,
நாகர்கோவில்